உங்களுக்குத் தெரியுமா? பழைய செட்டும் புது வேலையும்

பிளஸ் டூ முடித்துப் பத்து, இருபது வருடமான எந்த செட்டை எடுத்தாலும் அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். காலை வணக்கம், குழந்தைக்குக் காதுகுத்து, தோனி ரசிகர் சண்டை எல்லாம் அதில் தவறாமல் ஓடும். "வேலை போயிடுச்சுப்பா, ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்ற வரியை மட்டும் டைப் செய்துவிட்டு அழிப்பவர்கள் அநேகம். அழிக்கத்தான் வேண்டுமா?

◆ வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் இப்போது 1,024 பேர் வரை சேரலாம். முன்பு 256 ஆக இருந்த வரம்பு 2022-ல் முதலில் 512 ஆகி, அதே ஆண்டிலேயே 1,024 ஆனது. நடுத்தர அளவுப் பள்ளி ஒன்றின் ஏழெட்டு செட் மொத்தமாக அடங்கிவிடும். ஆனால் அத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் வேலைச் செய்தி பத்து நிமிடத்தில் மேலே போய் மறைந்துவிடும். வேலைக்கென்று தனியாக, அட்மின் மட்டும் பதிவு போடும் குரூப் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. அங்கே பிறந்தநாள் வாழ்த்துக்கு இடம் கிடையாது.

◆ மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில், சமீபத்தில் வேலை மாறியவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார்: இந்த வேலை இருப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன பதில், தெரிந்தவர் ஒருவர் மூலம். சரி, அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். அபூர்வமாக என்றவர்கள் 27.8 சதவீதம். "நண்பர்தானே சொன்னார்?" என்று கேட்டால், "நண்பரெல்லாம் இல்லை, சும்மா தெரிந்தவர்" என்று திருத்தியவர்களும் உண்டு.

காரணம் எளிது. தினமும் டீக்கடையில் கூட நிற்கும் நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இன்று ஓசூரில் எங்கோ இருக்கும் ஒருவனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. 1973-ல் வெளிவந்த இந்தக் கட்டுரை சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. 1969-ல் இதன் முந்தைய வடிவத்தை ஒரு பெரிய இதழ் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தது.

◆ அரை நூற்றாண்டு கழித்து லிங்க்ட்இன் இதைச் சோதித்துப் பார்த்தது. "உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்" என்று அது காட்டும் பட்டியலைச் சிலருக்கு ஒரு விதமாகவும் வேறு சிலருக்கு வேறு விதமாகவும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். ஐந்து ஆண்டுகள், இரண்டு கோடிப் பேர், புதிதாக ஏற்பட்ட 200 கோடித் தொடர்புகள், ஆறு லட்சம் வேலைகள். 2022 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது. மிக நெருங்கியவரும் இல்லை, முகமே தெரியாதவரும் இல்லை. ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்தான் வேலைக்கு அதிகம் உதவுகிறார். பள்ளியில் வேறு செக்‌ஷனில் படித்தவர் என்று நாம் சொல்வோமே, ஏறக்குறைய அந்த தூரம். (அந்த இரண்டு கோடிப் பேரில் நீங்களும் நானும் இருந்திருக்கலாம். யாரும் நம்மைக் கேட்கவில்லை.)

◆ கணிதமேதை ராமானுஜனுக்குக் குமாஸ்தா வேலை கிடைத்த கதையை இந்தக் கோணத்தில் பார்த்திருக்கிறீர்களா?

1904-ல் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலை விட்டு வெளியே வந்தபோது பரிசுக்கு மேல் பரிசு. அதன் பிறகு எல்லாம் சரிவு. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. எஃப்.ஏ. தேர்வு தேறவேயில்லை. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயரைப் பார்க்கப் போனார். அவர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் கேட்டது ரெவின்யூ இலாகாவில் ஒரு சின்ன வேலை. நோட்டைப் புரட்டிய ஐயருக்கு இவரைக் கச்சேரியில் உட்காரவைக்க மனம் வரவில்லை. கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பிவைத்தார்.

சென்னையில் இருந்தவர் பி.வி. சேஷு ஐயர். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர். அந்த வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். ராவுக்கு நோட்டைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. இதெல்லாம் இவர் சொந்தமாகப் போட்டதுதானா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பேசியவர் சி.வி. ராஜகோபாலாச்சாரி என்ற கும்பகோணத்து நண்பர். (இவர் ராஜாஜி அல்ல, பெயர் ஒற்றுமைதான்.) இன்னொரு முறை பார்க்க ராவ் சம்மதித்தார். பார்த்து அசந்துபோனார், மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குக் குமாஸ்தா ஆனார் ராமானுஜன். விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசுக் கடிதமும் இருந்தது. அங்கிருந்துதான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது.

இந்த வரிசையில் வேலை கொடுத்தவர் யாரும் ஊர்த் தோழர் அல்ல என்பதைக் கவனியுங்கள். தோழர் செய்தது ஒன்றே ஒன்று. இவன் ஏமாற்றுகிறவன் இல்லை என்று, இவனைத் தெரியாத ஒருவரிடம் சொன்னார். பழைய மாணவர் சங்கத்திடம் ஒருவர் எதிர்பார்க்க வேண்டியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

◆ போனஸாக ஒரு கணக்கு. ராமானுஜன் கீழ்வகுப்பில் இருந்தபோது மேல்வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டதாகச் சொல்லப்படுவது இது: x-ன் வர்க்கமூலத்தோடு y-ஐக் கூட்டினால் 7, x-ஓடு y-ன் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. x, y என்ன? அரை நிமிடத்தில் சொன்னாராம். விடை 9, 4.

◆ உதவி கேட்பவர்கள், எதிராளி சம்மதிப்பார் என்ற வாய்ப்பைக் குறைத்தே எடைபோடுகிறார்கள். பிரான்சிஸ் ஃப்ளின், வனெஸ்ஸா போன்ஸ் இருவரும் 2008-ல் வெளியிட்ட சோதனைகளில் இந்தக் கணிப்பு 50 சதவீதம் வரைகூடத் தப்பியது. நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனால் இரண்டு பேரிடம் கேட்டாலே காரியம் முடிந்துவிடுகிறது. கேட்கும் நமக்கு நம் கூச்சம்தான் பெரிதாகத் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பதை நாம் கணக்கில் எடுப்பதேயில்லை.

◆ கேட்கும் விதத்தில் விஷயம் இருக்கிறது. "ஹாய் ப்ரோ, எனக்கு ஏதாவது ஓபனிங் இருக்கா?" என்ற செய்திக்குப் பதில் வராது, வந்தாலும் "ரெசியூமே அனுப்பு, பார்க்கலாம்" என்பதோடு முடியும். கீழே உள்ளதைப் படித்துப் பாருங்கள்:

"அண்ணா, வணக்கம். நான் நம்ம ஸ்கூல் 2014 பிளஸ் டூ, பி செக்‌ஷன். மெக்கானிக்கல் முடிச்சு நாலு வருஷமா குவாலிட்டியில இருக்கேன். உங்க கம்பெனியில குவாலிட்டி இன்ஜினீயர் போஸ்ட் ஒண்ணு பார்த்தேன், ஜாப் ஐடி கீழே போட்டிருக்கேன். அந்த டீம்ல இன்டர்வியூ எப்படி இருக்கும்னு பத்து நிமிஷம் பேச முடியுமா? சனி, ஞாயிறு நீங்க சொல்ற நேரத்துக்குக் கூப்பிடுறேன்."

யார், எந்த வருடம், என்ன தகுதி, என்ன வேண்டும் எல்லாம் இருக்கிறது. முக்கியமாக, கேட்பது வேலையை அல்ல, பத்து நிமிடத்தை. அதை மறுப்பவர் குறைவு. பேசி முடிக்கும்போது, "நானே ரெஃபர் பண்றேன்" என்ற வார்த்தை பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே வந்துவிடும்.

◆ ரெஃபரல் விஷயத்தில் பலர் சறுக்குவது வரிசையில். நிறுவனத்தின் தளத்தில் நீங்களே முதலில் விண்ணப்பித்துவிட்டு, அதன்பிறகு சீனியரிடம் போய் ரெஃபர் செய்யச் சொன்னால் பல இடங்களில் அது செல்லாது. "இவர் ஏற்கெனவே நம் பட்டியலில் இருக்கிறார்" என்று கணினி தள்ளிவிடும். முதலில் சீனியர், அப்புறம் விண்ணப்பம். இன்னொன்று: ரெஃபர் செய்தவருக்குப் பல நிறுவனங்கள் ஊக்கத்தொகை தருகின்றன, அதுவும் பெரும்பாலும் நீங்கள் சேர்ந்து சில மாதம் தாக்குப்பிடித்த பிறகுதான். ஆகவே அவர் உங்களுக்குச் செய்வது முழுக்க தர்மம் என்று நினைத்துக் கூனிக்குறுக வேண்டாம். சேர்ந்த இரண்டாம் மாதமே வேறு இடத்துக்குத் தாவவும் வேண்டாம்.

◆ ரெஃபரலில் வந்தவர்கள் உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறார்களா? கால் சென்டர், லாரிப் போக்குவரத்து, உயர் தொழில்நுட்பம் என்று மூன்று துறைகளைச் சேர்ந்த நிறுவனங்களின் கணக்கை எடுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. ரெஃபரலில் வந்தவர்கள் வேலையை விட்டுப் போவது குறைவு. லாரி ஓட்டுநர்கள் விபத்து செய்வது குறைவு. தொழில்நுட்ப நிறுவனங்களில் காப்புரிமை எடுப்பது அதிகம். ஹெச்.ஆர். ரெஃபரலை விரும்புவதற்குக் காரணம் பாசம் அல்ல, செலவு மிச்சம்.

◆ கொல்கத்தாவில் நடந்த ஒரு சோதனை சுவாரசியமானது. லோரி பீமன், ஜெரமி மக்ரூடர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் ஆட்களைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்து, "அடுத்த முறை உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள், பணம் தருகிறோம்" என்றார்கள். சிலருக்கு யாரை அனுப்பினாலும் ஒரே தொகை. வேறு சிலருக்கு, அனுப்பப்பட்டவர் எப்படி வேலை செய்கிறாரோ அதைப் பொறுத்துத் தொகை. இரண்டாவது வகையினர் சொந்தக்காரர்களை அனுப்புவதைக் குறைத்து, கூட வேலை பார்த்தவர்களை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்! மச்சானுக்கு வேலை வாங்கித் தருவது வேறு, நல்ல ஆளைக் காட்டுவது வேறு என்பது எல்லோருக்கும் தெரிந்தேதான் இருக்கிறது. 2012-ல் வெளிவந்த இந்த ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு: தானே திறமையாக வேலை செய்தவர்களுக்குத்தான் நல்ல ஆளை அடையாளம் காணத் தெரிந்தது. சங்கத்தில் யாரிடம் போய் நிற்பது என்று யோசிப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

◆ தொடர்பு விட்டுப்போனவர்களிடம் பேசுவதில் ஒரு லாபம் இருக்கிறது. லெவின், வால்டர், முர்னிஹன் என்ற மூவர் நிறுவன நிர்வாகிகளிடம், மூன்று வருடத்துக்கு மேல் பேசாத பழைய ஆட்களைக் கூப்பிட்டு, கையில் இருக்கும் வேலைச் சிக்கலுக்கு யோசனை கேட்கச் சொன்னார்கள். தினமும் பழகுபவர்கள் சொன்னதைவிடப் பழையவர்கள் சொன்ன யோசனையில் புதுமை அதிகம் இருந்தது (2011). இடையில் அவர்கள் வேறு ஊர், வேறு துறை, வேறு அனுபவம் என்று போயிருக்கிறார்கள். ஆனால் பழைய நம்பிக்கை மட்டும் காலாவதி ஆகவில்லை. இருபது வருடம் கழித்துக் கூப்பிட்டவனை நாம் "டேய்" என்றுதானே ஆரம்பிக்கிறோம்?

◆ ரீயூனியன் என்றால் பிரியாணி, குரூப் போட்டோ, '96 படப் பாட்டு என்று முடித்துவிடாதீர்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் மாணவர்களைச் செக்‌ஷன் செக்‌ஷனாகக் குலுக்கல் போலப் பிரிக்கிறார்கள். பின்னாளில் நிறுவனத் தலைவர்கள் ஆனவர்களை எடுத்துப் பார்த்தார் கெல்லி ஷூ என்ற ஆய்வாளர். ஒரே செக்‌ஷனில் படித்தவர்களின் சம்பளமும், வேறு நிறுவனங்களை வாங்கும் முடிவுகளும் ஒன்றுபோல் நகர்ந்தன. அந்த ஒற்றுமை எப்போது கூடியது தெரியுமா? ரீயூனியன் நடந்ததற்கு அடுத்த வருடம், இரண்டு மடங்குக்கும் மேலாக. "உனக்கு எவ்வளவு தருகிறார்கள்?" என்ற கேள்வியை அந்த ஊரிலும் சாப்பாட்டு மேசையில்தான் கேட்கிறார்கள் போலும்.

சம்பளம் பேசுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் நம் ஆட்கள் இதில் நிறையவே இழக்கிறார்கள். சந்தை விலை தெரியாமல் ஹெச்.ஆர். முன்னால் உட்கார்ந்து, அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வருவது நம் வழக்கம்.

◆ அதே ஹார்வர்ட் செக்‌ஷன்களை வைத்து இன்னொரு ஆய்வு. ஏற்கெனவே சொந்தத் தொழில் நடத்தியவர்கள் அதிகம் இருந்த செக்‌ஷனிலிருந்து தொழில் தொடங்கப் போனவர்கள் அதிகமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? குறைந்தார்கள்! லெர்னர், மால்மெண்டியர் 2013-ல் வெளியிட்டது இது. குறைந்தவை பெரும்பாலும் தோற்றிருக்கக்கூடிய தொழில்கள். கை சுட்டுக்கொண்ட தோழன் ஒருவன் பக்கத்தில் இருந்தால், கணக்கைக் கையில் வாங்கிப் பார்த்து "இது தேறாதுடா" என்று சொல்லிவிடுவான். வேலை வாங்கித் தருவதைவிட இது பெரிய உதவி. ஆனால் இதற்காக யாரும் சங்கத்தில் மாலை போடுவதில்லை.

◆ அமெரிக்காவின் மிகப் பழைய முன்னாள் மாணவர் சங்கம் வில்லியம்ஸ் கல்லூரியுடையது. 1821-ல் தொடங்கியது. காரணம் பாசமல்ல, பதற்றம். கல்லூரித் தலைவரே ஆம்ஹெர்ஸ்ட் ஊருக்குப் போய்ப் புதுக் கல்லூரி தொடங்கிவிட, இருந்த கல்லூரி இழுத்து மூடப்படுமோ என்று பயந்து பழைய மாணவர்கள் கூடினார்கள். கல்லூரி இன்றும் நடக்கிறது.

◆ சத்யா நாதெள்ளா, சாந்தனு நாராயண், அஜய் பங்கா, பிரேம் வாட்சா. முறையே மைக்ரோசாஃப்ட், அடோபி, மாஸ்டர்கார்டு (பிறகு உலக வங்கி), கனடாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஆகியவற்றின் தலைமைக்கு வந்தவர்கள். நால்வரும் பேகம்பேட்டையில் உள்ள ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல் மாணவர்கள். 1923-ல் ஜாகிர்தார்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. இதைப் படித்துவிட்டு, ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டிருப்பார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். பெயர்ப் பட்டியல் எதையும் நிரூபிப்பதில்லை. அந்தப் பட்டியலால் நிச்சயமாக விளைவது ஒன்று உண்டு. அந்தப் பள்ளியில் இன்று எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு, உலகத்தின் உச்சி நாற்காலி தன் பள்ளி வராண்டாவிலிருந்து போய்ச் சேரும் தூரம்தான் என்று தோன்றிவிடுகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அப்படித் தோன்றவைக்க யாராவது மெனக்கெட வேண்டியிருக்கிறது.

◆ ஜப்பானில் வேலை தேடும் கல்லூரி மாணவர்கள் 'ஓ.பி. விசிட்' போவார்கள். ஓ.பி. என்றால் ஓல்டு பாய். பெண் என்றால் ஓ.ஜி. தான் சேர விரும்பும் நிறுவனத்தில் இருக்கும் சீனியரைச் சந்தித்து, வேலை எப்படி, மேலதிகாரி எப்படி, எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுக்கொள்வது. 1858-ல் ஃபுகுஸாவா யுகிச்சி தொடங்கிய கெயோ பல்கலைக்கழகத்தின் 'மீதா-காய்' சங்கங்கள் இதில் பேர்போனவை. ஊருக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, ஆடிட்டர்களுக்குத் தனியாக ஒன்று. இதன் இருண்ட பக்கமும் வெளியே வந்தது. சந்திக்க வந்த மாணவிகளிடம் அத்துமீறிய சில நிறுவன ஊழியர்கள் 2019-ல் கைதானார்கள். அதன்பிறகு பல நிறுவனங்கள், இரவில் சந்திக்கக் கூடாது, மது கூடாது என்று விதி போட்டன. நம் சங்கங்களும் இந்த விதியை இரவல் வாங்கலாம்.

◆ யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டை செமினரி 1823-ல் தொடங்கி 1855-ல் மூடப்பட்டது. அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும்தான், 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். சங்க நூல்களைப் பதிப்பித்த அதே தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிவிட்டுச் சென்னைக்கு வந்திருந்த பேர்சிவல் பாதிரியார்தான் 'தினவர்த்தமானி' பத்திரிகைக்கு ஆசிரியராக அவரை அழைத்தார். பிற்காலத்தில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயா ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வரிசையாகக் கப்பல் ஏறியபோதும், முன்னே போனவர் பின்னே வருபவருக்குத் திண்ணை கொடுத்தார். இன்று லண்டனிலும் டொரண்டோவிலும் சிட்னியிலும் யாழ்ப்பாணப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கக் கிளைகள் உண்டு. யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் 1904-லிருந்து ஆடும் 'வடக்கின் பெரும் சமர்' கிரிக்கெட் போட்டிக்கு ஊர் திரும்பும் பழைய மாணவர்கள், பவிலியனில் ஸ்கோரை மட்டுமா பேசுவார்கள்?

◆ இனி கசப்பான பகுதி. பிரிட்டனில் 'கிளாரெண்டன்' பள்ளிகள் என்று ஒன்பது உண்டு. ஈட்டன், ஹாரோ எல்லாம் அதில் அடக்கம். ஈட்டன் மட்டுமே 20 பிரதமர்களைத் தந்திருக்கிறது. பிரமுகர்கள் பட்டியலான 'ஹூஸ் ஹூ' நூலின் 120 ஆண்டுத் தரவை அலசிய 2017 ஆய்வின்படி, இந்த ஒன்பது பள்ளி மாணவருக்கு அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கும் வாய்ப்பு மற்றப் பள்ளி மாணவரைவிட 94 மடங்கு. முன்னைவிடக் குறைந்த பிறகும் இவ்வளவு.

◆ சிலி நாட்டில் செத் ஜிம்மர்மன் செய்த ஆய்வு (2019) இதைவிடக் கூர்மையானது. உயர்ந்த வணிகப் படிப்புகளில் மயிரிழையில் இடம் கிடைத்தவர்களையும் மயிரிழையில் தவறியவர்களையும் ஒப்பிட்டார். கிடைத்தவர்கள் நிறுவனத் தலைமைக்குப் போவது வெகுவாகக் கூடியது. யாருக்குக் கூடியது? அதிகக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் படித்துவிட்டு வந்த ஆண்களுக்கு மட்டும். அதே வகுப்பில் உட்கார்ந்த பெண்களுக்கும், சாதாரணப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிட்டவில்லை. பாடம் ஒன்றுதான், பெஞ்சும் ஒன்றுதான். சங்கம் மட்டும் வேறாக இருந்திருக்கிறது.

◆ பிரான்சில் பெரிய நிறுவனத் தலைவர்கள் பலர் எகோல் பாலிடெக்னிக், ஈ.என்.ஏ. என்ற இரண்டு உயர்கல்வி நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள். தலைவரும் இயக்குநர்களும் ஒரே வட்டமாக இருக்கும் நிறுவனங்களில், தலைவர் சொதப்பினாலும் அவரை வீட்டுக்கு அனுப்புவது அபூர்வம் என்று கண்டது ஓர் ஆய்வு. ஈ.என்.ஏ.வை 2021-ன் முடிவில் அரசு மூடிவிட்டு வேறு பெயரில் வேறு நிறுவனம் தொடங்கியது. தென் கொரியா இன்னொரு வழியில் போனது. 2017 முதல் பொதுத்துறை வேலை விண்ணப்பத்தில் படித்த பள்ளி, பிறந்த ஊர், போட்டோ எதுவும் கூடாது.

◆ பெண்கள் செட் குரூப்பில் தோழியைத் தேடிக் கண்டுபிடிப்பது தனிப் பாடு. பள்ளிப் பதிவேட்டில் அப்பாவின் இனிஷியல். இப்போது கணவரின் இனிஷியல், சில சமயம் கணவரின் பெயரே பின்னால். லிங்க்ட்இன்னில் பழைய பெயரையும் சேர்த்துப் போட வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள். அவசியம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு. எம்.பி.ஏ. முடித்த பெண்களில், பலரோடும் தொடர்பில் இருந்ததோடு, மிக நெருங்கிய வட்டமாகச் சில பெண்களையும் வைத்திருந்தவர்கள், அந்த இரண்டும் இல்லாதவர்களைவிட இரண்டரை மடங்கு உயர்ந்த பதவிகளைப் பிடித்தார்கள் (2019, அமெரிக்கா). எந்த நிறுவனத்தில் பெண்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பொது விளம்பரத்தில் யாரும் போடுவதில்லை. அது தோழி சொல்லித்தான் தெரியவேண்டும்.

◆ பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டி குழுவினர் அமெரிக்காவில் 7.2 கோடி ஃபேஸ்புக் கணக்குகள், 2,100 கோடி நட்புகளை அலசி 2022-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அதே நட்பு வட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கும் கிடைத்தால், வளர்ந்தபின் அவர்கள் வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணிப்பு.

◆ பணக்காரப் பள்ளிக்கு மட்டும்தான் சங்கமா? லண்டனில் தொடங்கிய 'ஃப்யூச்சர் ஃபர்ஸ்ட்' என்ற தொண்டு நிறுவனத்தின் வேலையே, அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர் வலையைக் கட்டித் தருவதுதான். பிரிட்டனில் 2012-ல் வந்த ஓர் ஆய்வு, பள்ளி நாட்களில் வேலைக்கு ஆள் எடுக்கும் தரப்பினரை நான்கு தடவையாவது சந்தித்ததாக நினைவுகூர்ந்த இளைஞர்கள், படிப்பும் வேலையும் இல்லாமல் சும்மா இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது. நான்கே தடவை.

◆ தமிழ்நாட்டில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. பழைய மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிக்கு உதவ ஒரு வாசல். பள்ளி மேலாண்மைக் குழுக்களை 2024-ல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது. பெரும்பாலும் நாம் கொடுப்பது பெஞ்ச், ஃபேன், ஸ்மார்ட் போர்டு. கொடுங்கள், வேண்டியதுதான். ஆனால் அதே பள்ளியிலிருந்து போய் இன்று ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்ப்பவர் ஒரு சனிக்கிழமை வந்து, "என் முதல் சம்பளம் இவ்வளவு, பிடித்தம் போகக் கையில் வந்தது இவ்வளவு, இன்டர்வியூவில் என்னைக் கேட்டது இந்த மூன்று கேள்வி, இங்கிலீஷ் வராமல் நான் முழித்தது இந்த இடத்தில்" என்று சொன்னால், எந்தப் பலகையும் அதற்கு ஈடாகாது. வெற்றிக் கதை வேண்டாம். அதை யூடியூபில் தினமும் பார்க்கிறார்கள். வீட்டில் முதல் முறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குத் தேவை, எந்தப் படிப்புக்கு எந்த ஊரில் எவ்வளவு சம்பளம் என்ற தகவல்.

◆ வெளிநாட்டு வேலைக்குப் பழைய செட்காரர் ஒருவர் வேறு வகையிலும் காவல். "டேட்டா என்ட்ரி, மாதம் லட்சம்" என்று நம்பிப் போய், கம்போடியாவிலும் மியான்மரிலும் சைபர் மோசடிக் கூடாரங்களில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் பலர். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவுபெற்ற ஏஜெண்ட்தானா என்று முதலில் பாருங்கள். அப்படிப்பட்ட ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அடுத்ததாக, அந்த ஊரில் இருக்கும் பள்ளி சீனியர் ஒருவரைக் குரூப்பில் தேடிப்பிடித்து, கம்பெனி இருக்கும் தெருவுக்கு ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். குரூப்பில் வேலை அறிவிப்பை ஃபார்வர்டு செய்பவருக்கு ஒரே ஒரு விதி: "இதை நீ விசாரித்தாயா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாவிட்டால் போடாதே.

◆ கல்லூரிகள் திடீரென்று பழைய மாணவர்களைத் தேடிப் போன் செய்வது ஏன் தெரியுமா? கல்லூரிகளுக்கான 'நாக்' (NAAC) தர மதிப்பீட்டில், பதிவுசெய்த முன்னாள் மாணவர் சங்கம் இருக்கிறதா, அது என்ன செய்தது என்று கேட்கிறார்கள். மதிப்பெண் உண்டு. போன் வந்தால் கோபப்படாதீர்கள். நன்கொடை கேட்பதற்கு முன், கடைசி வருட மாணவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ நடத்த ஒரு நாள் ஒதுக்கித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

◆ உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ லிங்க்ட்இன்னில் பக்கம் இருந்தால், அதில் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். காசு கிடையாது.

◆ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் முன்னாள் மாணவர் சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு உறுப்பினர்கள் போதும். ஏழு பேர் கிடைப்பது சுலபம்; தலைவர் பதவிக்கு மட்டுமே ஐந்து பேர் நிற்பார்கள். வருடா வருடம் கணக்கு எழுதித் தாக்கல் செய்யச் சம்மதிக்கும் பொருளாளர் கிடைப்பதுதான் பாடு. செட்டில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஆள் யார் என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.